மாடியில் ஆடித் தள்ளுபடி

9 ஜூன் 2025, திங்கள்

மாடியில் பெயர்ப்பலகை மாட்டியாச்சு. பலகை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் கடை முந்திரி டப்பாவில் ஒட்டுகிற லேபிளை நாலு பக்கமும் இழுத்துவிட்டால் அந்த அளவுக்கு வரும். பி. பிரகதீஸ்வரி, பி.ஏ., பி.எல்., வழக்கறிஞர். முடிந்தது. படம் கிடையாது. கலர் கிடையாது. வெள்ளையில் கறுப்பு.

நான் இருபதுக்குப் பத்து ஃபிளக்ஸ் சொல்லி வைத்திருந்தேன். கறுப்புக் கவுனில் என் மகள், பக்கத்தில் சின்னதாக நானும்.

"அப்பா, வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாது. போர்டுகூட அளவாத்தான் இருக்கணும். ரூல் அப்படி."

"அப்புறம் எப்படித்தா ஆள் வரும்?"

"வேலையைப் பார்த்து வருவாங்க."

"வந்தாத்தானே வேலையே?"

புதுக்கோட்டையில் பரிமளா வக்கீலிடம் மூன்று வருஷம் ஜூனியராக இருந்தவள், என்னிடம் வாயடைத்து நின்றாள். அந்தப் பெருமையில் ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன்.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஜன்னலாக ஓடி "முந்திரீ முந்திரீ" என்று கத்தி விற்றவன் நான். இந்தக் கடை, இந்த மாடி, அவள் படிப்பு எல்லாம் தொண்டையால் வந்தது. எனக்கு வியாபாரம் சொல்லித் தர வந்துவிட்டது இது.

20 ஜூன், வெள்ளி

இன்னும் போணி ஆகவில்லை. காலையில் கேட்டேன்.

"போணின்னு சொல்லாதீங்கப்பா. கட்சிக்காரர் வரணும்னு சொல்லுங்க."

சரி. கட்சிக்காரர் போணி ஆகவில்லை.

27 ஜூன், வெள்ளி

இன்று நான் செய்ததை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. இதிலாவது எழுதி வைக்கிறேன்.

ஆள் நிற்கிற கடைக்குத்தான் ஆள் வரும். முதல் கடை போட்ட நாளில் என் மச்சானையும் அவன் கூட்டாளிகள் நாலு பேரையும் சும்மா வரிசையில் நிற்கச் சொன்னேன். மதியத்துக்குள் நிஜ வரிசை வந்துவிட்டது. அந்த யோசனைதான். கொட்டை உடைக்கிற பெண்களின் செருப்பு ஏழு ஜோடியை எடுத்து வந்து மாடிப்படிக்குக் கீழே தெருவைப் பார்க்கப் பரப்பி வைத்தேன். ரோட்டில் போகிறவன் பார்த்தால் மேலே ஏழு கேஸ் உட்கார்ந்திருக்கிறது என்று நினைப்பான்.

நினைத்தான். ஒருத்தன் ஏறினான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட்.

பதினொன்றரைக்குப் பிரகதி இறங்கி வந்தாள். செருப்பைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். திரும்பச் செருப்பைப் பார்த்தாள்.

"மேல நான் ஒருத்திதானப்பா இருக்கேன்?"

அதற்குள் பெண்கள் சாப்பாட்டுக்குக் கிளம்பி, செருப்பைக் காணோம் என்று கொல்லைப்பக்கம் ஒரே சத்தம். சாப்பாடு கொண்டுவந்த என் சம்சாரம் சீதை வாசலில் நின்று கேட்டாள்: "ஏங்க, செருப்பெல்லாம் கேஸ் குடுக்க வந்துருக்கா?"

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

14 ஜூலை, திங்கள்

ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. மேலே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. எதிர்ச்சாரியில் கோபிநாத் வக்கீல் ஆபீஸில் காலை எட்டு மணிக்கே ஆள். அவருக்கு இருபது வருஷ சர்வீஸ் என்று அவள் சொல்கிறாள். எனக்கு எரிகிறது.

ஃபிளக்ஸ் கடை பாலாஜியிடம் போனேன். ஃபிளக்ஸ்தானே கூடாது? போனில் போட்டால்? தெருவில் இல்லை, சுவரில் இல்லை, அவரவர் சட்டைப்பைக்குள் போகிற விஷயம். அதற்கெல்லாமா ரூல் இருக்கும்? பிரகதியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கூடாது என்பாள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. என்னைப் போல் விவரமானவனை ஆலங்குடி தாலுகாவில் பார்க்க முடியாது.

"தராசு போடுவோமாண்ணே?"

"போடு. ரெண்டு தட்டும் சமமா இருக்கணும். ஒரு பக்கம் சாஞ்சிருந்தா எடையில ஏமாத்துறாங்கன்னு நெனப்பாய்ங்க."

வாசகமும் நானே சொன்னேன். முதல் வரி, 'கைராசியான வக்கீல்'. அடுத்தது, 'ஒருமுறை வந்தவர் மறுமுறையும் வருவார்'. கீழே, 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை'. ஆடி பிறக்கப் போகிறது. துணிக்கடை, பாத்திரக்கடை எல்லாம் போடும்போது நாம் மட்டும் சும்மா இருப்பதா? பெரிய எழுத்தில், சிவப்பில்:

ஆடி மாதம் முழுவதும் தள்ளுபடி.

போன் நம்பருக்குக் கடை நம்பரையே கொடுத்தேன். அவள் நம்பரைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வேன் இல்லையா.

17 ஜூலை, வியாழன்

ஆடி ஒன்று. என்னிடம் உள்ள இருபத்தாறு வாட்ஸப் குரூப்பிலும் போட்டாச்சு. கூடவே வாய்ஸும் பேசி அனுப்பினேன்: "நம்ம புள்ளைதான். இன்னிக்குப் போணி பண்ற முதல் ஆளுக்கு ஃபீஸ்ல பாதி." குரல் நன்றாக வந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டு குரல்.

18 ஜூலை, வெள்ளி

கூகுள் மேப்பிலும் ஏற்றிவிட்டான் பாலாஜி. கடை ஆட்களிடம் அஞ்சு ஸ்டார் போடச் சொன்னேன். போட்டார்கள். முத்துராஜ், கடையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறான், கை பழக்கம், எழுதியிருக்கிறான்: "நல்ல ருசி. பாக்கிங் அருமை."

அழிக்கத் தெரியவில்லையாம். அப்படியே கிடக்கிறது.

19 ஜூலை, சனி

விளம்பரத்துக்குப் பலன்! கடை வாட்ஸப்பில் ஒரு பெண் எழுதியிருக்கிறது. பேர் ■■■■■■■, ஊர் ■■■■■■.

[பேரும் ஊரும் எழுதியிருந்தேன். மை வைத்து அடித்துவிட்டேன். — 21 ஜூலை]

காலை பத்தே காலுக்கு வந்திருக்கிறது. வாரச் சரக்கு ஏற்றுகிற மும்முரத்தில் மூன்று மணிக்குத்தான் பார்த்தேன். "அம்மா, எங்க வீட்டுக்காரர் அடிக்கிறார். கையில் காயம். எனக்கு என்ன வழி. பகலில் மட்டும் பதில் போடுங்க."

அதற்குக் கீழே என் கடை பதில் போட்டிருக்கிறது. நான் போடவில்லை. யார் எழுதினாலும் தானாகப் போகும்படி போன தீபாவளிக்கு செட் பண்ணி வைத்தது.

"வணக்கம்! தங்கள் ஆர்டர் கிடைத்தது. நாளை காலை எங்கள் ஆள் தங்கள் வீடு தேடி வருவார். சுவைத்து மகிழுங்கள்!"

அதற்கும் கீழே அந்தப் பெண்: "வீட்டுக்கு யாரும் வர வேண்டாம்."

ஒரு நிமிஷம் கழித்து: "தயவுசெய்து."

அத்தோடு சரி. நான் "தவறுதலாகப் போய்விட்டது அம்மா" என்று போட்டேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போனை அணைத்துவிட்டதா, நம்பரைத் தடுத்துவிட்டதா, இல்லை போன் வேறு யார் கையிலாவது—

பலன் என்று எழுதியிருக்கிறேன் மேலே. ஆச்சரியக்குறி வேறு.

21 ஜூலை, திங்கள்

கோர்ட்டில் இன்று பிரகதியைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் துணிக்கடை தள்ளுபடி என்றால் கூட்டம் முண்டும். கோர்ட்டில் தள்ளுபடி என்றால் மனு செல்லாது, போ என்று ஜட்ஜ் தூக்கிப் போடுவது. அதே வார்த்தை. எனக்குத் தோன்றவே இல்லை. 'ஆடி மாதம் முழுவதும் தள்ளுபடி' என்று வக்கீல் விளம்பரத்தில், தராசுப் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறேன். இந்த அம்மாவிடம் கேஸ் கொடுத்தால் மாசம் பூராத் தோல்விதான் என்று நானே சிவப்பில் எழுதி, இருபத்தாறு குரூப்பில் விநியோகம் பண்ணியிருக்கிறேன்.

"வக்கீலம்மா, ஆவணியில வந்தா ஜெயிக்குமா?" என்று கேட்டானாம் ஒரு குமாஸ்தா.

நேரே கடைக்கு வந்தாள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "போனைக் குடுங்கப்பா" என்றாள். குரூப் குரூப்பாக அழித்தாள். மேப்பில் இருந்ததையும் எடுத்தாள். அப்புறம் அந்தப் பெண்ணின் செய்தி. அதை ரெண்டு தரம் படித்தாள்.

"இதை யார்கிட்டச் சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்லத்தா. ஒங்கம்மாகிட்ட மட்டும்."

"பேரைச் சொன்னீங்களா?"

சொல்லியிருந்தேன்.

"ஒரு பொண்ணு வக்கீல்னு நம்பி எழுதுனதுப்பா. அது முந்திரிக் கடை போன்ல கிடக்கு. எழுதினதை நான் பார்க்கணும். நான் மட்டும்."

"நான் வேணா ஒருதரம் போன் போட்டு மன்னிப்பு—"

"போன் அவரு கையில இருந்துச்சுன்னா? இனிமே அந்த நம்பருக்கு இங்கிட்டு இருந்து எதுவும் போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். சீதையிடமும் போய் நின்றேன், மறந்துவிடு என்று. "எதை?" என்றாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

22 ஜூலை, செவ்வாய்

வீட்டில் மூன்று பேர். டிவிதான் பேசுகிறது.

12 ஆகஸ்ட், செவ்வாய்

பார் கவுன்சிலில் இருந்து பிரகதிக்குத் தபால். விளம்பரப் படம், என் வாய்ஸை எழுத்தில் போட்டது, முத்துராஜின் "நல்ல ருசி" எல்லாம் சேர்த்து ஒருத்தர் புகார் கொடுத்திருக்கிறார். எதிர்ச்சாரி கோபிநாத் வக்கீல். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பிரகதி விளக்கம் கொடுக்க வேண்டும். தப்பு உறுதியானால் கண்டிப்போடும் விடலாம், கொஞ்ச காலம் கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்றும் சொல்லலாம், சன்னதையே பறிக்கவும் செய்யலாமாம்.

சன்னது. அவள் வக்கீல் என்பதற்கு இருக்கிற ஒரே அத்தாட்சி. பதிவு செய்த அன்றைக்கு மெட்ராஸில் கவுனோடு எடுத்த போட்டோவை லேமினேட் பண்ணி கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறேன்.

கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"சொல்லுத்தா."

"தரகர் மூலமாகக் கட்சிக்காரர்களைத் தேடியதாக…"

"எந்தத் தரகன்?"

என்னைப் பார்த்தாள்.

இந்த முந்திரித் தொழிலில் தரகனை வாசலில் ஏற்றாமல் முன்னுக்கு வந்தவன் நான். காட்டுக்கே போய் நேரில் கொள்முதல் பண்ணுவேன். ஊர் ஊராக அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டவன். அரசாங்கத் தபாலில் எனக்குப் பட்டம் வந்திருக்கிறது.

14 ஆகஸ்ட், வியாழன்

புதுக்கோட்டை போய்ப் பரிமளா வக்கீலைப் பார்த்தோம். படத்தைப் பார்த்து முதலில் ஐந்து நிமிஷம் சிரித்தார்.

"அண்ணே, கிளைகள் இல்லைன்னு போட்டீங்களே, அது எதுக்குண்ணே?"

"எல்லாக் கடையிலயும் போடுறதுதானுங்க."

"வெப்சைட்ல பேரு, விலாசம், போன், பதிவு நம்பர், படிப்பு, என்ன மாதிரி கேஸ் பார்ப்போம், இவ்வளவு போடலாம். அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. நீங்க அதைத் தவிர மத்த எல்லாத்தையும் போட்டிருக்கீங்க."

நான் தயாராகத்தான் போயிருந்தேன். என் போனை எவனோ ஹேக் பண்ணிவிட்டான் என்று எழுதலாம் என்றேன். இல்லாவிட்டால் பாலாஜி தானாகப் போட்டது என்று சொல்லலாம், அவனைச் சரிக்கட்டிவிடலாம்.

பிரகதி எழுந்துவிட்டாள். "பொய்ப் பிரமாணம் குடுத்துத்தான் என் சன்னதைக் காப்பாத்தணும்னா, அது எனக்கு வேண்டாம்."

கடைசியாக மனசில் இருந்ததைக் கேட்டேன். அந்தப் பெண் வந்து, நானாகத்தான் எழுதினேன், யாரும் கூப்பிடவில்லை, எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் நமக்குப் பலம்தானே? நம்பர் என்னிடம் இருக்கிறதே?

பரிமளா வக்கீல் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அந்த நம்பரைத் தொட்டீங்கன்னா, பார் கவுன்சில் எடுக்க வேண்டாம், நானே கவுனைக் கழட்டி வச்சிர்றேன்" என்றாள் என் மகள்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம். திருவரங்குளம் தாண்டுகிறவரை நான் என் கைவிரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து இருந்தது.

20 ஆகஸ்ட், புதன்

பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். "மேற்படி விளம்பரத்தை என் மகளுக்குத் தெரியாமல், அவர் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தும், நானே தயாரித்து நானே பரப்பினேன்." ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம்கூட என் சரக்கில் குறை என்று ஒத்துக்கொண்டதில்லை. நோட்டரி "படிச்சுப் பார்த்தீங்களா?" என்றார். மனப்பாடமே ஆகிவிட்டது.

அந்தப் பெண்ணைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை.

5 செப்டம்பர், வெள்ளி

கோபிநாத் வக்கீல் கடைக்கு வந்தார். புகார் கொடுத்தவர் என் கடைப் படியேறி வருவார் என்று நினைக்கவில்லை. நான் நினைக்கிறது எதுதான் நடக்கிறது.

"அண்ணே, புள்ளை மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல."

"முழுப்பருப்பா, பாதியா?"

"நான் ஃபீஸ்ல தள்ளுபடின்னு போர்டு மாட்டுனா நீங்க விடுவீங்களா? பக்கத்துக் கடைக்காரன் ஈரக்கொட்டையைக் கலந்தப்ப நீங்க போய் அதிகாரிகிட்டச் சொன்னீங்கள்ல?"

சொன்னேன்தான். அதைச் சொல்லியும் பீற்றியிருக்கிறேன்.

"பாதி ஒரு கிலோ" என்றார். நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன். அதில் முழுப்பருப்பும் கொஞ்சம் விழுந்துவிட்டது. லஞ்சம் ஆகிவிடுமோ என்று அப்புறம் பயந்து பிரகதியிடம் கேட்டேன். வெகு நாள் கழித்துச் சிரித்தாள்.

23 செப்டம்பர், செவ்வாய்

காலை பதினொன்று இருக்கும். ஒரு பெண், முப்பது வயசுக்குள். முழுக்கை ஜாக்கெட், இந்த வெயிலில். நூறு கிராம் குருணை கேட்டது. கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றது. பொட்டலத்தின் நூலைச் சுற்றுகிறது, பிரிக்கிறது.

"வேற என்னம்மா?"

ரொம்ப மெதுவாக: "ஆர்டரை வீட்டுக்கு அனுப்பிறாதீங்க. நானே வந்துட்டேன்."

எனக்குக் கையில் இருந்த அளவுப்படி கீழே விழுந்துவிட்டது.

இதோ நிற்கிறது. போன் வேண்டாம், நம்பர் வேண்டாம், நான் எதையும் தொடவில்லை. தானாக வந்திருக்கிறது. ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதிக் கொடும்மா என்று கேட்டால் கொடுத்துவிடும், அப்படியான முகம். மேலே என் மகள் சன்னது இருக்குமா போகுமா என்று உட்கார்ந்திருக்கிறாள். என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பஸ் நகர ஆரம்பித்ததும் வருமே, அந்த மாதிரி.

ஒரு பிடி முந்திரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய. மாடிப்படியைக் கையால் காட்டினேன்.

ஏறிப் போனது. படிக்குக் கீழே செருப்பை விட்டுப் போயிருந்தது, தெருவைப் பார்த்து. பச்சை வார், ஒன்றில் ஊக்கு குத்தியிருந்தது. பஸ் ஸ்டாண்டு ரோடு. அதன் சொந்தபந்தம் யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம்.

எடுத்து வந்து கடைக்குள் மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். முக்கால் மணி நேரம் மேலே இருந்தது. இறங்கும்போது எடுத்துப் போட்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் பிரகதியும் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள். கல்லா மேஜையில் ரெண்டு நிமிஷம் சாய்ந்து நின்று, என் தட்டில் இருந்த பருப்பை எடுத்துத் தின்றுவிட்டுப் போனாள்.

11 நவம்பர், செவ்வாய்

பார் கவுன்சிலில் இருந்து ஒன்றும் இல்லை. தபால்காரர் தெரு முனையில் வரும்போதே கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். அவருக்குத் தீபாவளிக்குக் கொடுத்த பாக்கெட்டைத் திருப்பிக் கேட்டுவிடுவேனோ என்னவோ.

27 ஜனவரி 2026, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. பிரகதி படியிலேயே நின்று படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோர்ட்டுக்குப் போய்ப் போய் அந்த முகம் பழகிவிட்டது.

"என்னத்தா?"

"தள்ளுபடி."

தூணைப் பிடித்துக்கொண்டேன். "யாரை?"

"புகாரைப்பா. புகாரைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. இனிமே இப்படி நடக்காமப் பார்த்துக்கணும்னு எனக்கு ஒரு அறிவுரை. அவ்வளவுதான்."

ஆடிக்குக் கேட்டது, தையில் கொடுத்திருக்கிறார்கள். கடையில் இருந்தவர்களுக்கு எல்லாம் ஒரு பிடி பருப்பு கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். சும்மா என்றேன். முத்துராஜ் மட்டும் "நல்ல ருசி" என்றான். அவனுக்கு ரெண்டாவது பிடி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

மதியம் முந்திரி வாங்க வந்த ஒருத்தர் கேட்டார்: "மேல இருக்கிற வக்கீலம்மா எப்படி? நல்லாப் பார்ப்பாங்களா?"

சொல்வதற்கு எவ்வளவு இருக்கிறது என்னிடம்!

"மாடியில போர்டு இருக்குங்க. படிச்சுப் பார்த்துக்கங்க."

"போர்டே தெரியலையே?"

"சின்னதாத்தான் இருக்கும்."

ஏறிப் போனார். மூட்டைக்குப் பின்னால் இப்போது நாலு ஜோடி கிடக்கிறது. ஒன்று பச்சை வார். ஊக்கு போய்ப் புது வார் மாட்டியிருக்கிறது. படிக்குக் கீழே ஒன்றும் இல்லை, கூட்டிவிட்ட தரை. ரோட்டில் போகிறவன் பார்த்தால், பாவம், இந்த வக்கீலுக்கு ஒரு ஆள்கூட வருவதில்லை போல என்றுதான் நினைப்பான்.